ட்ரெட்மில் வாங்கலாமா? ஒரு பனியன் கம்பெனியின் கேள்விக்குப் பதில்

கேள்வி: திருப்பூர் அருகே ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். மொத்தம் 180 பேர், அதில் 110 பேர் பெண்கள். டெய்லர்கள் 90 பேரும் பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி. ஆர்டர் நெருக்கும் மாதங்களில் பெரும்பாலான நாட்கள் ஒன்றரை ஷிப்ட், அதாவது 12 மணி நேரம் ஓடும். தொழிலாளர் உடல்நலனுக்கு என்ன செய்கிறீர்கள் என்று பையர் (எங்களிடம் சரக்கு வாங்கும் நிறுவனம்) கேட்பதால், முதலாளி 4 லட்சம் ஒதுக்கி, மாடியில் ட்ரெட்மில், சைக்கிள் எல்லாம் வைத்து ஒரு ஜிம் போடச் சொல்கிறார். போன வருடம் மாலை 5.30-க்கு யோகா வகுப்பு வைத்தோம். முதல் வாரம் நாற்பது பேர் வந்தார்கள், மூன்றாம் வாரம் மூன்று பேர். எடை குறைப்புப் போட்டி வைத்தபோது பெண்கள் யாரும் பெயர் கொடுக்கவில்லை. நம் ஆட்களுக்கே அக்கறை இல்லையோ என்று தோன்றுகிறது. இடுப்பு வலி, கழுத்து வலி என்று லீவு கேட்பது மட்டும் குறையவில்லை. தண்ணீருக்குக் குறை வைக்கவில்லை, தினமும் 20 லிட்டர் கேன் ஏழு வருகிறது. பெண்களுக்குக் கழிப்பறை நான்கு, கூட்டம் சேராமல் இருக்க டோக்கன் வைத்திருக்கிறோம். ஜிம் போடலாமா, வேறு ஏதாவது செய்யலாமா?

பதில்:

ஜிம் வேண்டாம். அந்தப் பணத்துக்கு நான்கைந்து நல்ல செலவுகள் இருக்கின்றன. அதற்கு முன், உங்கள் ஆட்களுக்கு அக்கறை இல்லை என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, எட்டு மணி நேரம் மிஷினில் குனிந்து தைத்தவருக்கு மாலை 5.30-க்கு பஸ் பிடிக்க வேண்டும், பிள்ளையைக் கூட்ட வேண்டும், சோறு வடிக்க வேண்டும். உங்கள் வகுப்பு அவருடைய நேரத்தில் வைக்கப்பட்டது, அதனால்தான் காலியானது. உடல்நலத் திட்டம் எதுவாக இருந்தாலும் கம்பெனி நேரத்தில், கம்பெனி செலவில் நடக்க வேண்டும். வேலையே உடம்பைக் கெடுக்கிற இடங்களை முதலில் சரிசெய்ய வேண்டும், பயிற்சி அதற்குப் பிறகு.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது தண்ணீர்க் கணக்கு. ஏழு கேன் என்றால் 140 லிட்டர். 180 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு முக்கால் லிட்டர் சொச்சம், அதுவும் சில நாட்களில் 12 மணி நேரத்துக்கு. வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு வருபவர்களைச் சேர்த்தாலும் இது மிகக் குறைவு. தகரக் கூரையின் கீழ் வேலை செய்பவருக்கு ஒரு ஷிப்டுக்கு 2 லிட்டராவது உள்ளே போக வேண்டும். அப்படியானால் சாதாரண நாளில் 18 கேன் காலியாக வேண்டும், சித்திரை வெயிலில் இன்னும் கூடுதலாக. கேன் வந்தும் குடிக்கவில்லை என்றால் காரணம் அடுத்த வரியிலேயே இருக்கிறது: டோக்கன்.

டீ டைம் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆனால் ஒரு கழிப்பறையில் ஐந்து பேர், நான்கிலும் சேர்த்து இருபது பேர். மீதி 90 பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கல், தலைவலி, மதியத்துக்கு மேல் வருகிற தலைச்சுற்றல் எல்லாம் இதன் தொடர்ச்சியாக வரக்கூடியவை. நீங்கள் பதிவு செய்கிற ‘இடுப்பு வலி’யில் ஒரு பகுதி தொற்றாகவே இருக்கலாம். எரிச்சல், காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி இருக்கிறதா என்று நர்ஸோ மருத்துவரோ தனியாகக் கேட்டால்தான் தெரியவரும்.

எனவே முதல் வேலையாக டோக்கனை எடுத்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் போய் வரலாம் என்பதை சூப்பர்வைசர் வாயாலேயே அறிவிக்கச் செய்யுங்கள். தடுத்தவர் அவர்தான், விடுவிப்பதும் அவராகவே இருக்க வேண்டும். டீ டைமை லைன் (ஒரு வரிசை மிஷின்கள்) வாரியாகப் பத்து நிமிட இடைவெளியில் மாற்றி வையுங்கள். 20 பெண்களுக்கு ஒன்று என்ற கணக்கில் இன்னும் இரண்டு கழிப்பறை கட்டுங்கள். ஜிம்முக்கு ஒதுக்கிய பணத்தின் முதல் செலவு இதுதான். உள்ளே தாழ்ப்பாள், வெளிச்சம், தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, நாப்கின் இந்த ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் பெண்கள் அந்தக் கழிப்பறையைத் தவிர்ப்பார்கள். தண்ணீர் கேனை ஹாலின் ஒரு மூலையில் வைக்காமல் லைனுக்கு ஒன்றாக வையுங்கள். தினமும் எத்தனை கேன் காலியானது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். திட்டம் வேலை செய்கிறதா என்று காட்ட அதைவிடச் சுலபமான அளவு கிடையாது.

அயர்ன் டேபிளில் நிற்பவர்களுக்குக் கணக்கு வேறு. வெயில் காலத்தில் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர், சுமார் 200 மில்லி. தாகம் எடுத்த பிறகு மொத்தமாகக் குடித்தால் வயிறு நிறையுமே தவிர, அதற்குள் போன வியர்வை ஈடாகாது. நாள் முழுக்க வியர்த்துக் கொட்டுபவர்களுக்கு உப்பிட்ட நீர்மோர் நல்லது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்பில்லாத மோர் தனியாக இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளையும் கைவசம் வையுங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில்தான், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில்தான், கரைக்க வேண்டும். ஒரு தம்ளரில் பெரிய பாக்கெட் முழுவதையும் கொட்டிக் குடிப்பது கெடுதல். கூரைக்கு வெப்பம் எதிரொளிக்கும் வெள்ளைப் பூச்சு அடித்து, அயர்ன் பகுதியின் சூட்டை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் ஹால் முழுவதற்கும் பலன் உண்டு.

அடுத்தது நாற்காலி. உங்கள் ஹாலில் ஒருமுறை நடந்து பாருங்கள். ஸ்டூலின் மேல் பனியன் வேஸ்டைப் பொட்டலமாகக் கட்டி வைத்து உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அந்தப் பொட்டலம் சொகுசுக்காக வைத்ததல்ல. ஸ்டூல் அவருக்குத் தாழ்வாக இருக்கிறது, மேசை உயரமாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஐந்தடி உயரப் பெண்ணுக்கும் ஐந்தே முக்கால் அடி ஆணுக்கும் ஒரே உயரத்தில் ஸ்டூல் போட்டால் ஒருவர் தோளைத் தூக்கிக்கொண்டும் மற்றவர் முதுகை வளைத்துக்கொண்டும்தான் தைக்க முடியும்.

உயரம் மாற்றக்கூடிய, முதுகு சாய்க்க இடமுள்ள நாற்காலி வேண்டும். முதுகுப் பலகை இடுப்புக்கு மேல் கொஞ்சம் உயர்ந்தால் போதும். அகலமாக இருந்தால் துணியை இழுக்கும்போது முழங்கை இடிக்கும், இடித்தால் அவர்களே அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். உட்காரும் பலகை முன்பக்கம் லேசாகச் சரிந்திருப்பது தையலுக்கு ஏற்றது. சக்கரம் வேண்டாம், பெடலை மிதிக்கும்போது நாற்காலி பின்னால் ஓடும்.

பல கம்பெனிகளில் நல்ல நாற்காலி வாங்கியும் வலி குறையாமல் போவதற்குக் காரணம் பெடல். நாற்காலியை உயர்த்தினால் கை சரியான உயரத்துக்கு வந்துவிடும், ஆனால் கால் பெடலுக்கு எட்டாது. தொடையின் அடிப்பக்கம் பலகை விளிம்பில் அழுந்தும், “கால் மரத்துப் போகுதுங்க” என்பார்கள், இரண்டே நாளில் பழைய ஸ்டூலுக்குத் திரும்பிவிடுவார்கள். ஆகவே நாற்காலியையும் பெடலையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். முதலில் மேசைப் பலகை முழங்கை மட்டத்திலோ, அதைவிட இரண்டு விரற்கடை மேலாகவோ வரும்படி நாற்காலியை உயர்த்துங்கள். தோள் தளர்ந்து தொங்க வேண்டும். பிறகு மெக்கானிக் ஸ்பேனரை எடுத்து, ஸ்டாண்டின் குறுக்குச் சட்டத்தில் பெடலைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, முழங்கால் செங்கோணத்தைவிடச் சற்று விரிந்திருக்கும்படி பெடலை முன்னே தள்ளி வைக்கட்டும். பெடல் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தால் கால் பின்னுக்கு மடங்கும், உடம்பு தானாக முன்னால் சாயும். கால் எட்டாதவர்களுக்குப் பெடலை உயர்த்தி, மோட்டாருக்குப் போகும் ராடின் நீளத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ராடைத் தொடாமல் விட்டால் பெடலின் சாய்வு கெட்டுக் கணுக்கால் வலி தொடங்கும். வலது கால் மிதித்துக்கொண்டே இருக்க, இடது காலுக்கு இடமே இல்லாத மிஷின்களில் அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்தால் போதும். ஒரு மிஷினுக்குப் பத்து நிமிடம் என்றால் 90 மிஷினுக்கு 15 மணி நேரம். தினமும் ஆறு மிஷின் பார்த்தால் மூன்று வாரத்துக்குள் முடிந்துவிடும். டெய்லர் மாறினால் செட்டிங்கும் மாற வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள்.

கழுத்து வலிக்கு நாற்காலி மட்டும் காரணமில்லை. நாற்பது தாண்டிய டெய்லர்களில் பலருக்கு வெள்ளெழுத்து ஆரம்பித்திருக்கும். ஊசிமுனை தெரியாததால் தலையை நீட்டிக் குனிவார்கள். கண்ணாடி போட்டால் வயசாயிடுச்சு என்று லைன் மாற்றிவிடுவார்களோ என்ற பயத்தில் வாயே திறக்க மாட்டார்கள். கண் முகாம் வைக்கும்போது தூரப் பார்வையை மட்டும் சோதித்து அனுப்பிவிடாமல், மிஷினில் ஊசி இருக்கும் தூரத்துக்குக் கிட்டப் பார்வையையும் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியைக் கம்பெனியே வாங்கிக் கொடுங்கள். செலவைப் பார்த்தால் இதைவிடப் பலன் தரும் காரியம் இந்தக் கடிதத்தில் வேறொன்றும் இல்லை. வெளிச்சம் தையல் ஊசி முனையில் 750 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), செக்கிங் டேபிளில் 1000 லக்ஸ் அளவுக்கு வேண்டும். கருப்பு, நேவி ப்ளூ துணி ஓடும் நாட்களில் அதுவும் போதாது. கூரை டியூப் லைட்டைக் கூட்டுவதைவிட மிஷின் தலையில் ஒட்டும் சின்ன எல்.இ.டி. விளக்கு மலிவு.

செக்கிங், பேக்கிங் பகுதியில் பிரச்சினை நேர் எதிர், நின்றே கிடப்பது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவே, நின்று வேலை செய்பவர்கள் வேலைக்கு நடுவே வாய்க்கும் ஓய்வில் உட்கார வசதி வேண்டும் என்றது. 2021-இல் தமிழ்நாட்டில் கடைப் பணியாளர்களுக்கும் உட்காரும் உரிமை சட்டமானது. உயரமான ஸ்டூல், ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்ள அரையடி உயரப் பலகை, காலடியில் கெட்டியான ரப்பர் மேட் மூன்றும் இருந்தால் குதிகால் வலியும் நரம்புச் சுருட்டலின் தொந்தரவும் குறையும். ஸ்டூல் இருந்தும் யாரும் உட்காரவில்லை என்றால் சூப்பர்வைசர் முறைக்கிறார் என்று பொருள். செக்கிங்கில் கறை எடுக்கும் ஸ்ப்ரே கன் இருந்தால் அதை உடனே தனி இடத்துக்கு, எக்ஸாஸ்ட் உள்ள மேசைக்கு மாற்றுங்கள். அந்தக் கெமிக்கலின் ஆவியை மூச்சில் இழுக்கவிட்டு ஆரோக்கியத் திட்டம் என்று எதையும் பேச முடியாது.

இனி உடற்பயிற்சி. காலை 10.30, பிற்பகல் 3.30 என்று இரண்டு வேளை, ஐந்தைந்து நிமிடம். டீ டைமில் கழிக்காமல், தனியாக. லைன் லைனாக நிறுத்துங்கள். ஒரே லைனில் பாதிப்பேர் எழுந்து பாதிப்பேர் தைத்தால் பண்டல் தேங்கும், அடுத்த நாளே திட்டம் நின்றுவிடும். எழும் முன் மிஷின் ஸ்விட்சை அணைப்பது கட்டாயம். பெடலில் தவறிக் கால் பட்டால் விரலில் ஊசி இறங்கும்.

பயிற்சிகள் அவரவர் மிஷின் பக்கத்திலேயே, சுடிதாரிலும் சேலையிலும் கூச்சமில்லாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி மெதுவாகப் பின்னால் வளைவது ஐந்து முறை. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் நெருக்கி ஐந்து எண்ணிக்கை பிடித்து விடுவது பத்து முறை. முகவாயை நேர் பின்னுக்கு இழுப்பது பத்து முறை. கையை முன்னே நீட்டி, மறு கையால் விரல்களை முதலில் கீழ்நோக்கியும் பிறகு மேல்நோக்கியும் மடக்கி இருபது விநாடி பிடிப்பது. மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது பதினைந்து முறை, கெண்டைக்கால் இரத்தத்தை மேலே தள்ளும் என்பதால் மாலைக் கால் வீக்கம் இதில் குறையும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. கடைசியாக இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பார்ப்பது. குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியைச் சேர்க்காதீர்கள். காலையிலிருந்து குனிந்தே இருந்த முதுகை இன்னும் குனிய வைப்பது தவறு. கழுத்தை முழு வட்டமாகச் சுழற்றுவதும் வேண்டாம், தேய்மானம் உள்ளவர்களுக்குத் தலைச்சுற்றல் வரும். கர்ப்பிணிகள், காலுக்குப் பாயும் இடுப்பு வலி உள்ளவர்கள், நெஞ்சு வலி வந்தவர்கள், பிரஷர் கட்டுக்குள் வராதவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே சேரட்டும். அவர்களை மற்றவர்கள் முன் தனியாக நிறுத்தாதீர்கள்.

வெளியிலிருந்து பயிற்சியாளர் முதல் இரண்டு வாரம் வந்தால் போதும். பிறகு ஒவ்வொரு லைனிலும் மற்றவர்கள் ‘அக்கா’ என்று கூப்பிடுகிற ஒருவர் நடத்தட்டும்.

பீஸ் ரேட்காரர்கள் இதற்கு நிற்க மாட்டார்கள் என்று முதலாளி சொல்வார். கூலி வெட்டு விழுந்தால் நிற்க மாட்டார்கள்தான். கணக்குப் போடுங்கள்: 480 நிமிடத்தில் பத்து நிமிடம் என்பது 48-இல் ஒரு பங்கு. ஒரு ஷிப்டில் 720 ரூபாய் எடுக்கிற டெய்லருக்கு 15 ரூபாய். 90 பேருக்கு நாளுக்கு 1,350, மாதம் 26 நாளுக்கு 35,100 ரூபாய். நாலு லட்சத்தை இதற்கே வைத்தால் பதினொரு மாதம் வரும். இதைப் பீஸ் ரேட்டிலேயே சேர்த்து, கூலிச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மூன்றாம் வாரம் மறுபடியும் மூன்று பேர்தான் எழுந்து நிற்பார்கள்.

பத்தாயிரம் அடி நடைப் போட்டி மாதிரியானவை உங்களுக்குப் பொருந்தாது. பத்தாயிரம் என்ற எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடிகாட்டிக் கருவியோடு வந்தது, மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல. உங்கள் ஹெல்பர்கள் நாளெல்லாம் பண்டல் தூக்கி நடக்கிறார்கள், டெய்லர்கள் எழுந்திருக்கவே வழியில்லை. இருவருக்கும் ஒரே இலக்கு வைப்பதில் நியாயமில்லை. எடைப் போட்டியையும் மறந்துவிடுங்கள். பலர் முன் தராசில் ஏறச் சொல்வது அவமானம், பெண்கள் விலகியது சரியே.

எடையைவிட உங்கள் கம்பெனியில் கவலைப்பட வேண்டியது இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருந்தது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழ் என்றால் இரத்தசோகை. படியேறினால் மூச்சு வாங்குவது, மதியம் கண் இருட்டுவது எல்லாம் சோம்பல் என்று திட்டு வாங்கித் தருகின்றன. டீயை வடை, பன்னோடும் சாப்பாட்டுக்கு மேலும் குடிப்பது உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். 11 மணிப் பலகாரத்தை வாரம் மூன்று நாள் சுண்டலாக மாற்றுங்கள். ஆளுக்கு 40 கிராம் கொண்டைக்கடலை வீதம் 180 பேருக்கு 7 கிலோ 200 கிராம், முந்தின இரவே ஊற வைக்க வேண்டும். எலுமிச்சை பிழிந்து கொடுத்தால் இரும்புச் சத்து கூடுதலாகச் சேரும். டீயில் சர்க்கரையை அறிவிக்காமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்காகக் குறைத்து வரச் சொல்லுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் வெளிக்கடைக்குப் போய்விடுவார்கள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் மிகக் கண்டிப்பாக இருங்கள். தமிழ்நாட்டின் சில ஆடைத் தொழிற்கூடங்களில் மாதவிடாய் வலிக்கு மருத்துவர் சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்கப்பட்டது 2019-இல் செய்தியானது. சூப்பர்வைசர், டைம் கீப்பர் யாரும் எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது. வலி என்றால் அரை மணி நேரம் படுக்க இடம் வேண்டும். ஜிம்முக்கு ஒதுக்கிய மாடி அறையைச் சின்னத் தடுப்பு வைத்துப் பெண்களுக்கான ஓய்வறையாக்குங்கள். கட்டில், ஃபேன், வெந்நீர்ப் பை, பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஒரு நாற்காலி போதும்.

பரிசோதனை முகாமுக்கு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தையும் நாடுங்கள். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், டீ குடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், ஓவர்கோட் கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது. படியேறி வந்த மூச்சோடு அளந்தால் பாதிப்பேருக்கு நோய் என்று வரும். 140/90-க்கு மேல் வந்தவர்களுக்கு வேறொரு நாள் மறுபடி பார்த்த பிறகே முடிவு. முடிவுச் சீட்டு அவரவர் கையில் மட்டும் போக வேண்டும். உங்களுக்கு எத்தனை பேருக்கு என்ன என்ற எண்ணிக்கை போதும், பெயர் வேண்டாம். பெயர்ப் பட்டியல் ஆபீஸுக்கு வந்தது தெரிந்தால் அடுத்த முகாமன்று சர்க்கரை உள்ளவர்கள் லீவு போடுவார்கள். மருந்தகம் திறந்திருக்கும் நேரமும் ஷிப்ட் நேரமும் ஒன்றாக இருப்பதால், மருந்து வாங்க மாதம் அரை நாள் சம்பளத்தோடு அனுமதி கொடுங்கள். இல்லாவிட்டால் முகாம் போட்டோவோடு முடிந்துவிடும்.

ஒன்றரை ஷிப்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாரம் 48 மணி நேரம் என்பதும், அதற்கு மேல் இரட்டைக் கூலி என்பதும் சட்டம். அதை விட்டு உடம்பை மட்டும் பார்த்தாலும், 12 மணி நேரம் ஒரே தசையை இயக்கினால் இரவுத் தூக்கத்தில் அது ஆறாது. நான் மேலே சொன்ன எதுவும் அதை ஈடுசெய்யாது. கப்பல் தேதி நெருக்கினால் ஒரே ஆளைத் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் அரை ஷிப்டுக்கு நிறுத்தாதீர்கள். ஞாயிறு விடுமுறையில் கை வைக்காதீர்கள். வர முடியாது என்று சொன்னவர் மறுநாள் திட்டு வாங்காமல் இருக்க வேண்டும். திட்டும் வசையும் உடம்பைப் பாதிக்கும், இரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் அது வெளிப்படையாகவே தெரியும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படியான உள் புகார்க் குழு உங்களிடம் பெயர்ப் பலகையாக மட்டும் இருந்தால் அதையும் உயிர்ப்பியுங்கள்.

இதையெல்லாம் தொடங்கும் முன் இந்த வாரமே ஒன்று செய்துவிடுங்கள். மனித உடலின் முன்பக்கம், பின்பக்கம் கோட்டுப் படமாக வரைந்த தாளை எல்லோருக்கும் கொடுத்து, வலிக்கிற இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், பகுதி மட்டும்: ஓவர்லாக், ஃபிளாட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங். ஒரு பகுதியின் தாள்களை வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் புள்ளிகள் எங்கே குவிகின்றன என்பது தெரியும், எந்த மேசையில் தொடங்குவது என்பதும் தெரியும். அதோடு மாதாந்திர லீவு நாட்கள், மதியம் 3 மணிக்குப் பிறகு வரும் ஆல்டர் பீஸ்களின் (பிழை திருத்தத் திரும்பி வருபவை) எண்ணிக்கை, தண்ணீர்க் கேன் நோட்டு மூன்றையும் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே தாளை மறுபடி கொடுங்கள். பையருக்கும் முதலாளிக்கும் காட்ட அந்த இரண்டு கட்டுத் தாளும் போதும். புள்ளிகள் ஒரு பகுதியில் மட்டும் குறையாமல் இருந்தால் அந்தப் பகுதியின் மேசை உயரம், நாற்காலி, பெடல் அளவுகளோடு மறுபடி எழுதுங்கள்.